கரும்பலகை மூலையில் ஒரு கேள்வி

பதினேழு ஆண்டுகள் அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராகப் பணிபுரிந்தார். சாட்சிக் கூண்டுக்கு இடப்புறம், நீதிபதியின் மேசைக்குக் கீழே, அரையடி உயர மரமேடை ஒன்றில் அவருடைய இயந்திரம் இருந்தது. சாட்சி கடவுளை முன்னிறுத்தி உறுதி கூறுவார். வினவப்பட்டதற்கு விடை சொல்வார். அவ்விடையை நீதிபதி சீராக்கி உரைப்பார். உரைத்ததை ஓரெழுத்தும் மிகாமல் குறையாமல் தாளில் இறக்குவது அவருடைய கடமை. வழக்கறிஞர்கள் முதல் வாயிற்காவலர் வரை எல்லாரும் அவரை ‘டைப்பிஸ்ட் அம்மா’ என்றே அழைத்தனர்.

முப்பத்தேழாம் வயதில் ஒரு நாள், வயற்கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தி கூண்டேறினாள். உடன்பிறந்தார் இடையே நிலப் பாகம் பற்றிய வழக்கு. அவள் சொன்னது நான்கைந்து சொல்தான். அது தாளில் ஏறியபோது, ‘மேற்படி சொத்தில் எனக்குள்ள உரிமை முழுவதையும் மனமொப்பி விடுவிக்கிறேன்’ என்றாகியிருந்தது. வாக்குமூலத்தைப் படித்துக்காட்ட வேண்டியவர் தட்டச்சர். படித்தார்.

“அப்படின்னா என்னம்மா?” என்று அப்பெண் கேட்டாள்.

பொருள் விளக்குவது தட்டச்சரின் வேலையன்று. அதற்கு விதி இடம் தராது. அவர் அப்பெண்ணின் வழக்கறிஞரை நோக்கினார். வழக்கறிஞர் அடுத்த வழக்குக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல இருக்கிறது அவ்வளவுதாம்மா” என்றார் தட்டச்சர். அப்பெண் மைத்தட்டில் பெருவிரலைத் தோய்த்துத் தாளில் வைத்தாள்.

அன்று மாலை வீட்டில் அவர் இதனைக் கணவரிடம் சொன்னார். கணவர் லேத்துப் பட்டறையில் இரும்பு கடைபவர். எதனையும் அளவுகோல் வைத்துப் பேசும் இயல்பினர்.

“நீ என்ன பண்ணியிருக்க முடியும்? உன் வேலை அடிக்கிறது.”

“அடிச்சது நான்தானே.”

“அதுக்காக ராத்திரிச் சோறு வேண்டாங்கிறியா?”

“சோறு வேண்டாங்கல. அந்தம்மாவுக்கு இதைப் பத்து வயசுல யாராவது சொல்லிக் கொடுத்திருக்கணும். கூண்டுல ஏறி நின்னு கேக்குற கேள்வியா அது?”

“அப்போ வக்கீலுக்குப் படியேன்.”

“வக்கீல்கிட்ட வர்றதுக்குள்ள எல்லாம் கைமீறிப் போயிடுதுங்க.”

“டீச்சரா?” என்று மட்டும் கேட்டார் கணவர். தட்டச்சர் தலையசைத்தார்.

சமூக அறிவியல் ஆசிரியராவதற்கான பட்டப்படிப்பு மூன்றாண்டுக் காலம். வரலாறு, புவியியல், பொருளியல், குடிமையியல் ஆகிய நான்கனையும் ஒருசேரக் கற்க வேண்டும். ஒன்றை மட்டும் ஆழக் கற்கும் வகுப்புகளும் அக்கல்லூரியில் இருந்தன. ஆயினும் அவர் நான்கினையே விரும்பி ஏற்றார். அந்த நிலம் எப்படி அக்குடும்பத்துக்கு வந்தது என்பது வரலாறு. அது எங்கே, எத்தகைய மண்ணோடு கிடக்கிறது என்பது புவியியல். அதன் விளைச்சல் யாருக்குப் பயன்படுகிறது என்பது பொருளியல். பெண்ணுக்கு அதில் பங்குண்டு என்பது குடிமையியல். ஒரு கைநாட்டுக்குப் பின்னே இவை நான்கும் நின்றன என்று அவர் கருதினார். நீதிமன்றம் ஊதியமில்லா நீண்ட விடுப்பு வழங்கியது. விதிகளில் ஒன்று மட்டும் அவரை நெருக்கிற்று: நாற்பத்திரண்டு வயது நிறைவதற்குள் பணியாணை பெறாதவர் பின் எந்நாளும் பள்ளியாசிரியராக முடியாது.

கல்லூரியில் வரலாற்று வகுப்பினர் இந்நான்குபாட வகுப்பினரை ‘நாலுதோணி’ என்று கேலி செய்வர். “நாலு தோணியில கால் வைக்க உங்களுக்கு ரெண்டு கால் போதுமா?” என்று மாடிப்படியில் மறித்துக் கேட்பர். அதற்கு மறுமொழி சொல்லும் வாய் அவ்வகுப்பில் ஒருவனுக்கே இருந்தது. எந்த நாட்டின் எல்லையையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவான் ஆதலின் அவனுக்கு ‘அட்லஸ்’ என்று பெயர். “எங்களுக்குக் கால் ரெண்டுதான். ஆனா உங்களை மாதிரி ஒரே எடத்துல ஊணி வெச்சுக்கிட்டு நூறு வருஷமா நிக்கல” என்பான்.

அவனைவிடப் பதினாறு ஆண்டு மூத்தவர் தட்டச்சர். முதல் வாரத்தில் அவரை யாரோ பேராசிரியர் என்றெண்ணி எழுந்து நின்றனர். இரண்டாம் வாரத்தில் ‘கோர்ட்டக்கா’ ஆனார். அவருடைய குறிப்பேட்டுக்கு வகுப்பில் பெருமதிப்பு. பேராசிரியர் வாய் திறந்தது முதல் மூடியது வரை ஒரு சொல் தப்பாது. அதுவே ஒருமுறை தீங்காயிற்று. குறிப்பேட்டைப் படியெடுத்துச் சென்ற மாணவர் ஒருவர், தேர்வில் தொழிற்புரட்சியின் விளைவுகளை எழுதுமிடத்து, ‘நகரங்கள் பெருகின, கூலியாட்கள் திரண்டனர், அந்த ஜன்னலைச் சாத்துங்கள்’ என்றெழுதி வைத்தார்.

“அக்கா, அவர் இருமினதையும் எழுதிடுவீங்கபோல” என்றான் அட்லஸ்.

“இருமினா கோர்ட்டுல எழுத மாட்டோம் தம்பி. பேசினா எழுதணும்.”

எழுத்துத் தேர்வுகள் அனைத்திலும் அவர் தேறினார். மிஞ்சியது கற்பித்தல் தேர்வு ஒன்றே. ஏதேனும் ஒரு பள்ளிக்குச் சென்று, முன்பின் அறியாத வகுப்பில், தேர்வாளர் முன்னிலையில் நாற்பத்தைந்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். அறிமுகம், விளக்கம், வரைபடப் பயிற்சி, தொகுப்புரை, மதிப்பீடு என்று பாடத்துக்கு ஐந்து படிகள். படிக்கு இருபது மதிப்பெண். தேற ஐம்பது வேண்டும். இருமுறைக்கு மேல் இத்தேர்வை எழுத இயலாது.

முதல்முறை அவருக்கு வாய்த்த பாடம் ‘உப்பு’. நான்கு பாடங்களைப் பயின்றவர் மட்டுமே செய்யக்கூடிய பிழையை அவர் செய்தார். உப்பளங்கள் அமையும் கடற்கரையில் தொடங்கினார். அங்கிருந்து உப்பு வணிகர் நடந்த பழம்பாதைகளுக்குச் சென்றார். பாதையோரம் எழுந்த சந்தைகளை விரித்தார். உப்பின்மேல் அரசு விதித்த சட்டங்களுக்கு வாய் திறக்கையில் மணி அடித்தது. வரைபடம் சுருள் பிரியாமலே கிடந்தது. பிள்ளைகள் வியப்போடு பார்த்தனர், அவ்வளவுதான். தேர்வாளர் தாளில் எழுதியது இது: ‘கருத்துகள் பல. பாடம் நடைபெறவில்லை. தேர்ச்சி இல்லை.’

அப்போது அவருக்கு வயது நாற்பது. இரண்டாம் வாய்ப்பு ஆறு திங்கள் கழித்து வந்தது. அதுவும் தவறினால் அவர் மீண்டும் அம்மரமேடைக்கே சென்று, ஓய்வுபெறும் நாள்வரை பிறர் சொல்லைத் தாளில் இறக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டில் எவரும் இதனை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் சீட்டெடுத்ததில் விழுந்த தலைப்பு, எட்டாம் வகுப்புக்குரிய ‘ஆற்றின் பயணம்’. மாலையில் சமையலறைச் சுவரில் படத்தைத் தொங்கவிட்டு ஒத்திகை தொடங்கினார். மாணவர் இருவர்: கணவரும், ஒன்பதாம் வகுப்புப் பயிலும் மகளும். புவியியலைவிட்டு அவர் வழுவும்போதெல்லாம் கணவர் கரண்டியால் தட்டைத் தட்டுவது என்று ஏற்பாடு.

“ஆறு மலையில் தோன்றுகிறது. சமவெளிக்கு வரும்போது அதன் வேகம் குறைகிறது. அங்கேதான் பழைய நகரங்கள்…”

தட்டு ஒலித்தது.

“அம்மா, நீ வரலாற்றுக்குப் போயிட்ட. திரும்பி ஆத்துக்கு வா” என்றாள் மகள்.

“நகரம்னு ஒரு வார்த்தைதானேடி சொன்னேன்.”

“போன தடவையும் ஒரு வார்த்தையிலதான் ஆரம்பிச்ச.”

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். காலையிலேர்ந்து லேத்துல நின்ன மாணவன் உக்காந்துக்கலாமா?” என்றார்.

“உக்காரலாம். பேசக்கூடாது.”

ஏழாம் ஒத்திகையில் தட்டு ஒலிக்கவில்லை. ஐந்து படிகளும் நாற்பத்து நான்கு நிமிடத்தில் நிறைந்தன. மகள் கடிகாரத்தைக் காட்டினாள். தட்டச்சர் சுவரில் சாய்ந்து கண்மூடி நின்றார். இறைவனை நினைத்தார் போலும்.

அட்லஸ் முதல்முறையிலேயே தேறியவன். மறுநாள் பள்ளி வாயிலில் வரைபடச் சுருளோடு வந்து நின்றான். கல்லூரியில் வழிவழியாக வரும் ஓர் உபாயத்தை நினைவூட்டவே வந்திருந்தான். பாடத்தைத் திசைதிருப்பும் கேள்வியை எவரேனும் கேட்டால், கரும்பலகையின் வலக்கோடி மூலையில் அதனைச் சுருக்கமாக எழுதிவிட்டு, ‘அடுத்த வகுப்பில் பார்ப்போம்’ என்று சொல்லி மேலே செல்ல வேண்டும். தேர்வாளர்களும் அதனை நன்றென்றே குறிப்பர். பயிற்சி மாணவர்கள் அதற்கு ‘மூலைக்கு அனுப்புதல்’ என்று பெயரிட்டிருந்தனர்.

“யார் என்ன கேட்டாலும் மூலைக்கு அனுப்பிடுங்க அக்கா. யோசிக்கவே யோசிக்காதீங்க.”

“சரி தம்பி.”

“சரின்னு சொல்றப்போ உங்க முகம் சரியில்லையே.”

“உள்ள போறேன். நீ போய் டீ குடி.”

எட்டாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். வகுப்பின் வழக்கமான ஆசிரியர் ஜன்னலோரம் அமர்ந்திருந்தார். தேர்வாளர் கடைசி வரிசைப் பெஞ்சில், மடியில் மதிப்பெண் தாளோடு இருந்தார். வேறொரு கல்லூரியிலிருந்து வந்த விரிவுரையாளர். முப்பது வயதுக்கு மேலிராது.

அறிமுகம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. விளக்கம் தடையின்றிச் சென்றது. ஆறு வளைந்தோடுகையில் வெளிவளைவில் கரையை அரிப்பதும், உள்வளைவில் மண்ணைப் படியவைப்பதும், பெருவெள்ளக் காலத்தில் வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு புதுவழி காண்பதும் சொன்னார். படத்தில் கோலால் தொட்டுக் காட்டினார். பத்தொன்பதாம் நிமிடம், இரண்டாம் வரிசையில் சடையைத் தோளின்மேல் போட்டிருந்த சிறுமி எழுந்தாள்.

“டீச்சர், ஆறு இடம் மாறிடுச்சுன்னா இந்தக் கரையில இருந்த நிலம் அந்தக் கரைக்குப் போயிடும்ல. அப்போ அது யாருது?”

தட்டச்சர் சுண்ணக்கட்டியோடு வலக்கோடி மூலைக்குச் சென்றார். சுருக்கி எழுதக் கை வரவில்லை. பழகிய கை, அச்சிறுமி சொன்னதைச் சொன்னபடியே எழுதிற்று. எழுதி முடித்துத் திரும்பி, “நல்ல கேள்வி” என்றார். மேலே சொல்ல வேண்டிய மூன்று சொல்லும் நாவில் நின்றன.

அடுத்த வகுப்பு அவருக்கு அங்கே இல்லை. அன்று மாலை அவர் அப்பள்ளியைவிட்டுப் போகிறவர். நாளை அப்பிள்ளைகளுக்குப் பாடம் வேறு, ஆசிரியர் வேறு. ‘அடுத்த வகுப்பில் பார்ப்போம்’ என்பதைக் கல்லூரியில் நூற்றுக்கணக்கானோர் சொல்லியிருந்தனர். எவரும் அதனைப் பொய்யென்று நினைத்ததில்லை. பதினேழு ஆண்டுகள் உறுதிமொழிகளின் அருகே அமர்ந்திருந்தவருக்கு அது பொய்யாகத் தோன்றிற்று. முப்பத்தாறு முகங்களும் அவரை நோக்கின. தேர்வாளரின் பேனா தாளின்மேல் காத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

“இதை இப்பவே பார்ப்போம்” என்றார்.

சுண்ணத்தால் படத்தின் வெளிவளைவில் சதுரமாக ஒரு வயலை வரைந்தார். “இது உங்க வயல். ஆறு என்ன செய்யும்?”

“கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும் டீச்சர்” என்றான் ஒரு சிறுவன்.

“தின்ன மண்ணு எங்க போகும்?”

“எதிர்க்கரையில படியும்.”

“அப்போ எதிர்க்கரைக்காரருக்கு நிலம் கூடிடுச்சு. அவர் திருடினாரா?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “ஆறுதானே குடுத்துச்சு” என்றனர் சிலர். “எங்க மண்ணு டீச்சர் அது” என்றனர் சிலர். “மண்ணுல பேரு எழுதியிருந்துச்சா?” என்று ஒருவன் கேட்க, “உன் மண்டையிலகூடத்தான் பேரு எழுதல” என்று பின்வரிசையிலிருந்து மறுமொழி வந்தது. சிரிப்பு அடங்குமளவும் தட்டச்சர் பொறுத்திருந்தார். பின்னர், தாம் தட்டச்சு செய்த ஒரு வழக்கைச் சொன்னார். ஆற்றங்கரை வயல் ஒன்றுக்காக இரு குடும்பங்கள் பதினொரு ஆண்டு நீதிமன்றத்துக்கு நடந்தன. ஆண்டாண்டாய் ஆறு மெல்ல நகர்ந்து சேர்த்த மண் சேர்ந்த கரைக்கே உரியது; ஒரே வெள்ளத்தில் ஆறு வழிமாறினால் பழைய எல்லை மாறாது என்று பல நாடுகளின் சட்டங்களும் கொள்கின்றன.

“ஆனா ஆறு மெல்ல நகர்ந்துச்சா, ஒரே நாள்ல மாறிச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? பார்த்தவங்க யாரும் உயிரோட இல்ல.”

கேள்வி கேட்ட சிறுமி படத்தருகே வந்தாள். உள்வளைவில் விரல் வைத்தாள்.

“தோண்டிப் பாக்கலாம். மெல்ல வந்த மண்ணா இருந்தா அடுக்கடுக்கா இருக்கும். வருஷத்துக்கு ஒரு அடுக்கு.”

“ஒரே நாள்ல மாறியிருந்தா?”

“வயலு வயலாவே இருக்கும். வேருகூட இருக்கும்.”

பிள்ளைகள் தத்தம் ஏட்டில் அவ்வடுக்குகளை வரையத் தொடங்கினர். எவரும் வரையச் சொல்லவில்லை. தட்டச்சர் வரிசை வரிசையாகச் சென்று ஒவ்வோர் ஏட்டையும் குனிந்து பார்த்தார். மணி அடித்தபோது, தொகுப்புரையும் இல்லை, மதிப்பீடும் இல்லை.

வகுப்புக் கலைந்தபின் தேர்வாளர் அவரை ஜன்னலருகே அழைத்தார்.

“பாடம் முடியலையே.”

“முடியல மேடம்.”

“மூலையில எழுதினீங்க. அடுத்த வகுப்பில் பார்ப்போம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். கணக்கா முடிச்சிருப்பீங்க.”

“எனக்கு அடுத்த வகுப்பு இல்லையே மேடம்.”

தேர்வாளர் அவரை நெடிது நோக்கினார். தாமும் முன்பு அச்சொல்லைச் சொல்லித் தேறியவர் போலும். “செய்யாத படிக்கு நான் மார்க் போட முடியாது. அது உங்களுக்குத் தெரியும்” என்று தாளைத் திருப்பிக் காட்டினார். அறிமுகம் பதினான்கு. விளக்கம் பதினெட்டு. வரைபடப் பயிற்சி பத்தொன்பது. தொகுப்புரையும் மதிப்பீடும் சுழி.

தட்டச்சர் மனத்துள் கூட்டினார். ஐம்பத்தொன்று.

“தேறிட்டீங்க. ஆனா இந்த மார்க்குக்குத் தரவரிசையில கடைசியிலதான் வருவீங்க. உங்க வயசும் பார்த்தேன். ஆர்டர் வர்றதுக்குள்ள…” என்று நிறுத்தினார்.

“தெரியும் மேடம்.”

தட்டச்சர் நேரே வகுப்பாசிரியரிடம் சென்றார். மறுநாள் காலை பத்து நிமிடம் அதே வகுப்பில் பேச இடம் கேட்டார். “மார்க்குதான் போட்டாச்சே, இன்னும் எதுக்கு?” என்று வகுப்பாசிரியர் வியந்தார், ஆயினும் இசைந்தார். மறுநாள் தொகுப்புரையைச் சொல்லி, மதிப்பீட்டுக் கேள்விகள் ஐந்தையும் கேட்டு, விடைகளைத் திருத்திக் கொடுத்தார். கேள்வி கேட்ட சிறுமி அன்று பள்ளிக்கு வரவில்லை. எழுதப்படாத அவளுடைய தாளை மட்டும் வகுப்பாசிரியரிடம் விட்டு வந்தார்.

அதன்பின் பதினான்கு திங்கள் அவர் மீண்டும் நீதிமன்ற மேடையில் அமர்ந்தார். தரவரிசையில் இருநூற்றுப் பதினான்கு பேர். அவர் இருநூற்றுப் பன்னிரண்டாமவர். ஆணைகள் நாற்பது ஐம்பதாக இறங்கி வந்தன. அட்லஸுக்கு முதற்பகுதியிலேயே கிடைத்தது. வீட்டில் நாள்காட்டியைக் கிழிக்கும் பொறுப்பைக் கணவர் தாமே எடுத்துக்கொண்டார். மனைவியின் கண்ணில் தேதி படாதிருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம்.

நாற்பத்திரண்டு நிறைய நான்கு திங்கள் எஞ்சியிருக்கையில், ஒரு நண்பகல், வாயிற்காவலர் நீண்ட உறை ஒன்றை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துச் சென்றார். சாட்சி பேசிக்கொண்டிருந்தார். தட்டச்சர் இறுதிவரி வரை அடித்தார், படித்துக்காட்டினார், ஒப்பம் வாங்கினார். பிறகே உறையைக் கிழித்தார்.

மாலையில் கணவர் ஆணையை இருமுறை படித்தார். “இது எவ்வளவு தூரம்?”

“பஸ்ல அஞ்சு மணி நேரம். ரெண்டு வண்டி மாறணும்.”

“அப்போ வார நாள்ல அங்கேயே தங்கணும்.”

“ஆமா.”

பத்தாம் வகுப்புக்கு வந்திருந்த மகள் தாயின் துணிகளை அலமாரியிலிருந்து எடுத்து, மடிப்புக் குலையாமல் கட்டிலில் அடுக்கத் தொடங்கினாள். ஐந்து நாளைக்கு வேண்டியவற்றை ஒருபுறமும், வீட்டில் இருக்க வேண்டியவற்றை மறுபுறமும் வைத்தாள். வீட்டுப் பக்கம் இரண்டு புடவைகளே மிஞ்சின.

“சனி ஞாயிறுக்கு இது போதுமாம்மா?” என்று அவள் கேட்டாள்.

தட்டச்சர் அவளருகே அமர்ந்து, போதும் என்றார்.